ஒரே சமயத்தில் எத்தனை இசை வேலைகளை ஏற்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கச்சேரிகளிலும் ஒலிப்பதிவுகளிலும் வாசித்துக்கொண்டே இசைநாடகங்களுக்கும் எப்படி இசையமைக்க முடிகிறது, அதற்கான கால அட்டவணையைக் காட்ட முடியுமா என்று உங்களில் பலர் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். அட்டவணை என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு வேலையும் இந்த வாரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் நான் நாட்களைப் பிரிக்கிறேன். வேலைகளின் எண்ணிக்கை எனக்கு இரண்டாம்பட்சம்.

இசைநாடகம் மிக மெதுவாக உருவாகும் கலை. கதையும் வசனமும் எழுதுபவர், பாடல் வரிகள் எழுதுபவர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று பலருடைய கைகளில் அது மாறி மாறிப் போய் வருகிறது. அமெரிக்கப் பாடகி அனையிஸ் மிட்செல் உருவாக்கிய 'ஹேடிஸ்டவுன்' என்ற இசைநாடகம் 2006ஆம் ஆண்டில் அந்நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில் சிறிய அளவில் மேடையேறியது. 2010இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. 2016இல் நியூயார்க்கின் சிறிய அரங்குகளைக் குறிக்கும் ஆஃப்-பிராட்வேக்கும், 2019இல் அந்நகரின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கும் சென்றது. இத்தகைய நீண்ட காலத்தில் இசையமைப்பாளர் தினமும் எழுதிக்கொண்டிருப்பதில்லை. நாடகப் பிரதியின் அடுத்த வடிவம் வரும்வரையிலும், அரங்கம் கிடைக்கும்வரையிலும் அவர் காத்திருக்கிறார். வாசிப்புத் தொழில் அந்தக் காத்திருப்பில்தான் இடம்பிடிக்கிறது. ஆகவே கச்சேரிகளைப் படைப்புக்கு எதிரி என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எனக்கு வரும் வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். இன்னும் பிறக்காத மெட்டைத் தேடுவது ஒன்று; ஏற்கெனவே இருக்கும் இசையை வாசிப்பது, வேறு சுருதிக்கு மாற்றுவது, வாத்தியங்களுக்குத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது மற்றொன்று. மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் இசைக்குழுவோடு வாசிக்கும்போது, நடிகர் வசனத்தைச் சற்று இழுத்தால், 'வேம்ப்' என்று குறிக்கப்பட்ட சில பார்களை (இசைக்குறிப்பின் தாளப் பகுதிகளை) இசை நடத்துநர் கைகாட்டும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும். கவனம் சிறிது பிசகினாலும் பாடகர் தடுமாறிவிடுவார். அவ்வளவு கவனம் தேவைப்படும் வேலையாக இருந்தும், அடுத்த சுரம் எது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை, ஏனெனில் அது தாளிலேயே இருக்கிறது. இப்படி ஒரு தேடலோடு ஒரு வாசிப்போ பிரதியெடுப்போ தாராளமாகச் சேர்ந்து போகும். இரண்டு நாடகங்களின் முதல் வரைவுகளை ஒரே மாதத்தில் எழுத உட்கார்ந்தால், இரண்டின் கதாபாத்திரங்களும் ஒரே குரலில் பாடத் தொடங்கிவிடும்.

வாசிப்பிலும் ஒரு தொல்லை உண்டு. பெரிய அரங்குகளில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் நடப்பது வழக்கம். ஒரே இசையை அத்தனை முறை வாசிக்கிறவருடைய சொந்த மெட்டுக்குள் அது அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் எழுதுவது காலையில், வாசிப்பதற்கு முன்பு மட்டுமே. எழுதியதை மறுநாள் காலை வாத்தியம் இல்லாமல் வாயால் பாடிப் பார்த்து, அது யாருடைய மெட்டு என்று விசாரித்த பிறகே கணினியில் ஏற்றுகிறேன்.

இரண்டு நாடகங்களைச் சேர்த்து எழுத முடியாதா என்று கேட்டு, நீங்கள் அமெரிக்க இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனை நினைவூட்டக்கூடும். அவருடைய 'கேண்டீட்' 1956 டிசம்பரிலும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1957 செப்டம்பரிலும் பிராட்வேக்கு வந்தன. இரண்டையும் அவர் ஒரே காலத்தில் எழுதினார் என்பது உண்மைதான். முதல் நாடகத்துக்காக எழுதிய ஒரு மெட்டு இரண்டாவதில் 'ஒன் ஹேண்ட், ஒன் ஹார்ட்' என்ற பாடலானது. அதற்கு, பின்னாளில் தாமே இசையமைப்பாளராகவும் விளங்கிய ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் வரிகள் எழுதினார். ஒரு நாடகத்தில் மிஞ்சியது இன்னொன்றில் பொருந்துவது அபூர்வம் என்பதால் நான் அவரைப் பின்பற்றத் துணியமாட்டேன். பிற்காலத்தில் சோண்ட்ஹைம் செய்ததுதான் எனக்கு உதவுகிறது. 'ஃபாலீஸ்' நாடகத்தை அவர் 1965இலேயே வேறொரு தலைப்பில் தொடங்கியிருந்தார். அதை ஒதுக்கிவைத்து 'கம்பெனி' என்ற நாடகத்தை 1970இல் அரங்கேற்றிய பிறகே, 1971இல் 'ஃபாலீஸ்' மேடைக்கு வந்தது.

ஒதுக்கிவைப்பதற்கும் ஒரு முறை வேண்டும். பாடல் திணறி நிற்கும் இடத்தில் நான் நிறுத்துவதில்லை. அடுத்த சில பார்கள் என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தி, அந்தப் பாத்திரம் இந்த இடத்தில் எதை மறைக்கிறது, மெட்டு ஏன் இன்னும் மேல் சுரத்துக்குப் போகக்கூடாது என்பதைச் சாதாரண வாக்கியங்களில் எழுதிவைத்து, அரைகுறையாகப் பாடி ஒரு குரல்பதிவும் சேர்த்துவிடுகிறேன். சில மாதங்கள் கழித்துத் திரும்பும்போது இசைக்குறிப்பைவிட அந்த வாக்கியங்களே என்னை உள்ளே அழைத்துச் செல்கின்றன. இப்போது திரையில் நீங்கள் பார்க்கும் கோப்புறையில் ஒவ்வொரு பாடலும், பல இசைக்குறிப்பு மென்பொருள்களில் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் இருக்கிறது. ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதை உருவாக்கிய நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்ததை நீங்கள் அறிவீர்கள். பல ஆண்டுகள் உறங்கக்கூடிய நாடகத்தை ஒரே மென்பொருளின் சொந்தக் கோப்பில் மட்டும் வைப்பது துணிச்சல் அல்ல, அலட்சியம்.

இந்த ஏற்பாடெல்லாம் செல்லாத காலம் ஒன்று உண்டு. அது ஒத்திகைக் காலம். அமெரிக்க நடிகர் சங்க விதிகளின்படி நடக்கும் '29 மணி நேர வாசிப்பு' என்ற முறையில் நடிகர்கள் புதிய நாடகத்தைப் படித்தும் பாடியும் காட்டுவார்கள்; ஒத்திகையும் பார்வையாளர் முன் படித்துக்காட்டுவதும் சேர்த்து ஒரு நடிகரிடம் அதற்கு மேல் நேரம் கேட்க முடியாது. பகலில் ஒரு பாடல் பாடகிக்கு உயரமாக இருக்கிறது என்று தெரிந்தால், இரவுக்குள் சுருதியை இறக்கி, பாடல் மாறும் இடத்து இணைப்பிசையைத் திருத்தி, அனைவருக்கும் புதிய இசைத்தாள்கள் தந்தாக வேண்டும். அந்த நாட்களில் நான் வெளியே வாசிப்பதில்லை. லண்டனில் 'டெப்' என்றும் நியூயார்க்கில் 'சப்' என்றும் அழைக்கப்படும் மாற்று வாசிப்பாளர்தான் அப்போது என் இருக்கையில் அமர்கிறார். அவர் முன்கூட்டியே வந்து காட்சியைப் பார்த்து, என் தாள்களில் உள்ள பென்சில் குறிப்புகளோடு பழகியாக வேண்டும். பெரும்பாலும் முழு இசைக்குழுவோடு ஒத்திகை இல்லாமலேயே நேராக வாசிக்கப்போகிறவர் அவர். ஆகவே கடைசி நேரத்தில் ஆள் தேடுவது இசைக்குழு முழுவதற்கும் செய்யும் அநியாயம்.

பணத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசித்தால் ஊதியம் விரைவில் வரும். உரிமத்தொகையோ நாடகம் ஓடினால்தான் வரும். எனவே புதிய நாடகம் ஒன்றுக்கு அழைப்பு வந்தால், கதை எவ்வளவு கவர்ந்தாலும், நாடகப் பிரதி முடிந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறேன். இரண்டாம் வரைவு தயாராகி இயக்குநரும் முடிவாகியிருந்தால், வேறொரு நாடகத்தில் வாசித்துக்கொண்டிருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். பிரதி இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறதென்றால், என் கையிலுள்ள முதல் வரைவு முடியும் மாதத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு பேசலாமா என்று கேட்கிறேன்.