பால்வாடிக்கு இன்னொரு டீச்சர்

(சேலத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நான் பொருளாதாரம் படித்தவன், ஆனால் இத்தனை வருஷமும் நான் போட்ட கணக்கெல்லாம் குழந்தைகளின் எடை, உயரம், படிப்பு பற்றித்தான்.

ஏற்காடு மலையில் ஒரு பால்வாடியில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஆயாம்மா லீவு. டீச்சர் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்ற ஒரு அம்மாவின் குழந்தையை உத்தரத்தில் தொங்கிய தராசில் உட்கார வைத்தார். குழந்தை அலறிக் காலை உதைக்க முள் நிற்கவே இல்லை, டீச்சர் அது நிற்கும்வரை காத்திருந்து எடையை எழுதினார், அதற்குள் சோறு அடிப்பிடிக்கும் வாசனை. அப்புறம் பதிவேடுகள். படம் போட்ட அட்டைகள் மஞ்சள் கவரில் கட்டியபடி ஆணியில் தொங்கின. சாப்பிட்டுப் பிள்ளைகள் தூங்கும்வரை அந்த முடிச்சு அவிழவே இல்லை.

சோறு போடுவதில் நம்மை அடிக்க ஆளில்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022ல் காலைச் சிற்றுண்டி. மாதாமாதம் எடை பார்த்து, ஏறாத குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு கொடுக்கும் திட்டத்தை 1980லேயே நடத்திய மாநிலம் இது. சரி, சொல்லிக்கொடுப்பது?

பாடம் நடத்தவென்றே இன்னோர் ஆளைப் போட்டால் என்ன ஆகும்? கார்த்திக் முரளிதரன், கனிமியன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே இதைச் சோதித்தார்கள். நல்ல ஊராகப் பார்த்துப் பொறுக்கினால் முன்னேற்றம் ஊரால் வந்ததா ஆளால் வந்ததா என்று தெரியாது, அதனால் சீட்டுக் குலுக்குகிற மாதிரி சில மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளர். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில், தொடர்ந்து வந்த பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள், மொழியில் அதைவிட அதிகமாக. எனக்கு நெஞ்சில் நின்றது இன்னொன்று: வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும், கடுமையான சத்துக்குறைவு உள்ள குழந்தைகளும் அந்த மையங்களில் குறைவாக இருந்தார்கள். வந்தவர் பாடம் நடத்தத்தான் வந்தார். பழைய டீச்சருக்குச் சத்துணவையும் ஆரோக்கியத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. செலவைக் கறாராகக் கணக்கிட்டும் பலன்தான் மிஞ்சியது.

ஆயாம்மாவையே பாடம் எடுக்கச் சொன்னால் என்ன என்று இங்கே ஓர் அண்ணன் கேட்டார். எடுப்பார்தான், பிரியமாகவே எடுப்பார். ஆனால் பத்து மணிக்கு நீங்களே போய்ப் பாருங்கள் அண்ணே, அவர் கை முழுக்க அரிசி களைந்த தண்ணீர்.