ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததா?

(நாகர்கோவிலில் மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் எதிரே இருக்கும் வருங்கால டாக்டர்களுக்கும் வணக்கம்.

ரேடியாலஜியில் என் பயணம், தலைமைப் பொறுப்பு என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்வதுதான் ரேடியாலஜி. அழைப்பிதழைப் பார்த்த என் சித்தப்பா, "நீ இருட்டு ரூமுக்குள்ள இருக்கிறவன், ஒனக்கு எதுக்குடே தலைமை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நோயாளிகளுக்கு எங்கள் முகம் தெரியாது. படம் எடுத்த டெக்னீஷியனையே டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடுக்கு அவர் தகுதியானவர்தான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

எனக்கு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பது உங்களுக்குத் தெரியும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. அதில் இருக்கும் தோரியம் அன்றைக்கு கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. ஆக, கதிரியக்க மணலில் விளையாடி வளர்ந்தவன் கதிரை வைத்துப் பிழைக்கப் போனேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து ரேடியாலஜி எடுத்தபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆபரேஷன் பண்ணுகிற டாக்டராக வருவான் என்று பார்த்தால் போட்டோ பிடிக்கப் போகிறானே என்று அம்மா அங்கலாய்த்தார். நான் சேர்ந்த காலத்தில் ஃபிலிமை டார்க் ரூமில் டெவலப்பரில் முக்கி, தண்ணீரில் அலசி, ஃபிக்சரில் போட்டு, ஹேங்கரில் தொங்கவிடுவோம். அவசர கேஸ் என்றால் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். உங்களுக்கு மானிட்டரில் விரலை நகர்த்தினால் படம் பெரிதாகிறது. கொடுத்து வைத்தவர்கள்.

இந்தத் துறையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை ஓட்ட முடியாது. நெய்யூர் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மிஷன் 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த ஹோவர்டு சோமர்வெல் என்ற சர்ஜன், மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், அங்கே காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலை வேண்டாம் என்று நெய்யூருக்கு வந்துவிட்டார். 1924-இல் இன்னொரு முறை எவரெஸ்ட் போய்விட்டும் இங்கேதான் திரும்பினார். தெற்குத் திருவிதாங்கூரில் அன்று வயிற்றுப்புண் அவ்வளவு அதிகம். அவர் கத்திக்கு ஓய்வே இல்லை. வயிற்றுப்புண்ணைப் பார்க்க அந்தக் காலத்து வழி பேரியம் மீல்: வெள்ளையாக, சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுப்பது. நானும் அதில்தான் கை பழகினேன். வாய் வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் நேரடியாகப் பார்க்கும் எண்டோஸ்கோபி வந்ததும் அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போனது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டு, உடம்பைக் குறுக்கே துண்டு துண்டாகக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேனான சி.டி. படித்தோம்.

முதல் சி.டி. ஸ்கேன் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1, லண்டனில். மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டரே இல்லை, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். 1979-இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கினார். அந்த மெஷின் நம் பக்கம் வந்து சேர ரொம்ப காலம் ஆனது. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவரையும், தென்னையிலிருந்து விழுந்தவரையும் திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு மார்த்தாண்டத்திலேயே ஸ்கேன் எடுக்கலாம். மெஷின் பக்கத்தில் வந்துவிட்டது. டாக்டர் பக்கத்தில் வந்தாரா என்பதுதான் என் கவலை.

ஒரு துறைக்குப் பொறுப்பேற்றதும் நான் முதலில் கைவைத்தது டெலிபோன் விஷயத்தில். மூளையில் ரத்தக் கசிவு, குடலில் ஓட்டை, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருப்பது, இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. படம் பார்த்த டாக்டரே சிகிச்சை பார்க்கும் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். இதற்கு எதிர்ப்பு வந்தது. "நாங்க என்ன டெலிபோன் ஆப்பரேட்டரா?" என்று கேட்டார்கள். அருமையாக எழுதிய ரிப்போர்ட் ஒன்று கவருக்குள்ளேயே கிடந்தால் அதனால் யாருக்கு என்ன லாபம்? கொஞ்ச நாளில் எதிர்த்தவர்களே போனை எடுக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்தது டெக்னீஷியன்கள். நோயாளியை நேரில் பார்ப்பது அவர்கள்தான். மூச்சு வாங்கியதா, எந்தப் பக்கம் வலி என்று சொன்னார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ரெக்வஸ்ட் ஃபார்மில் பாதி நேரம் "வயிற்று வலி" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. "சார், இதை மட்டும் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு டெக்னீஷியன் தயங்காமல் வந்து நிற்கிற துறை நல்ல துறை. அவர் பயந்து வாசலிலேயே திரும்பிப் போனால், அங்கே எத்தனை கோடிக்கு மெஷின் இருந்தும் பயனில்லை. அப்புறம், உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அவர்களுடைய டி.எல்.டி. பேட்ஜ் கணக்கை நீங்களே வாங்கிப் பாருங்கள். கதிர் வேலை செய்பவருக்கு ஐந்து வருஷ சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு வேலை பார்ப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

இனி, மேடையில் யாரும் பேச விரும்பாத ஒன்று. கட். ஸ்கேனுக்கு அனுப்பினால் இவ்வளவு என்று கவரில் போய்ச் சேரும் பணம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளில் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தப்பு என்று தெளிவாகவே இருக்கிறது. முந்திரி ஆலையில் தோல் உரிக்கிற அக்கா, கைப்பணத்தோடு வட்டிக்கும் வாங்கி ஸ்கேன் எடுக்க வருகிறார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவருக்குத் தெரியாமல் இன்னொரு பாக்கெட்டுக்குப் போகிறது. கட் கொடுக்காவிட்டால் கேஸ் வராது என்பார்கள். கொஞ்ச காலம் வராது, உண்மைதான். ரிப்போர்ட் சரியாக இருந்தால் பிறகு வரும். வராமலே மூடிப்போன இடங்களும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறைத் தலைவர் நாற்காலியில் உட்காருகிறவர் இதில் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும்.

நோயாளியிடம் பேசுவதற்கு வருகிறேன். நாம் ரிப்போர்ட் எழுதுவது இன்னொரு டாக்டருக்கு, ஆங்கிலத்தில். ஆனால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே கவர் பிரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படம் வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் போகும். அவன் கூகுளில் தேடுவான். சாயங்காலத்துக்குள் சாதாரண ஈரல் கொழுப்பு அந்த வீட்டில் கேன்சர் ஆகியிருக்கும். ரெண்டு நிமிஷம் தமிழில் பேசியிருந்தால் அந்த வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்திருக்கும்.

நம் மக்களுக்குச் சொன்னால் நன்றாகவே புரியும். அல்ட்ராசவுண்டை குளச்சல் மீனவருக்கு விளக்குவது எனக்கு ரொம்ப சுலபம். "படகுல எக்கோ சவுண்டர் வச்சிருக்கீங்களே, கீழ ஒலியை அனுப்பி, திரும்பி வர்றதை வச்சு ஆழம் பாக்குது. இதுவும் அதேதான்" என்பேன். அவர் தலையாட்டிவிட்டு, ஜெல் ஏன் தடவுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்பார். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற டாக்டர் இதைத் தொடங்கியதும் ஒரு பாய்லர் தொழிற்சாலையில், உலோகத்தில் விரிசல் பார்க்கிற கருவியை வைத்துத்தான். அவருடைய கட்டுரை 1958-இல் வந்தது.

அதிகம் வருகிற கேள்வி, ஸ்கேன் எடுத்தால் கேன்சர் வருமா என்பது. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது, முதலில் அதைச் சொல்லுங்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் அளவு, சில நேரம் அதிலும் குறைவு. இயற்கையாகவே மனிதனுக்கு வருஷத்தில் கிடைப்பது உலக சராசரியாக 2.4. நம் மணல் கடற்கரையில் சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு. இதே போன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளி மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக வயிற்று சி.டி.யை இஷ்டத்துக்கு எழுதலாம் என்று ஆகாது. அது 8, 10 மில்லிசீவர்ட் வரும். தேவையில்லாத ஸ்கேன் கேட்கிற டாக்டரிடம் "இதுக்கு அல்ட்ராசவுண்ட் போதும் சார்" என்று சொல்வதும் உங்கள் வேலை. சீனியரிடம் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

கடைசியாக ஏ.ஐ. எப்படியும் கேட்பீர்கள். ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம் என்று, ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். 2024-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1901-இல் முதல் பரிசு வாங்கிய அதே இயற்பியலில்! எங்களுக்கு இன்னும் ஆள் பற்றாக்குறைதான். ஆனால் ஏ.ஐ.யை ஒதுக்காதீர்கள். காசநோய்க்கான நெஞ்சுப் படத்தை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், கம்ப்யூட்டரே முதலில் பார்த்துப் பிரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒப்புக்கொண்டது. மலையோரக் கிராமத்தில் படம் பார்க்க ஆள் இல்லாதபோது அது பெரிய உதவி. படம் பார்க்கிற நேரத்தை அது மிச்சப்படுத்திக் கொடுத்தால், மிச்சமான நேரத்தில் வார்டுக்கு நடந்து போங்கள்.

சரி, என் பேச்சு போதும். பின்வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டு இருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.