முகாமில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை?

(இராமநாதபுரம் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

டாக்கா நகரத்தில் முகமதுபூர் என்ற பகுதியில் ஜெனீவா முகாம் இருக்கிறது. 1971இல் பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் பிரிந்த போர் முடிந்த கையோடு, தற்காலிகமாக என்று சொல்லித்தான் செஞ்சிலுவைச் சங்கத்தார் அங்கே ஜனங்களைத் தங்கவைத்தார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, முகாம் அப்படியேதான் இருக்கிறது. ஒரே அறைதான் ஒரு குடும்பத்துக்கு. சமையல், தூக்கம், தையல் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். கக்கூசுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

பிஹாரிகள் என்று அழைக்கப்படும் உருது பேசும் முஸ்லிம்கள் இவர்கள். 1946 பிஹார் கலவரத்திலும் அடுத்த ஆண்டு பிரிவினையிலும் உயிருக்குப் பயந்து கிழக்கு வங்காளம் போனவர்கள். ரயில்வேயிலும் சணல் ஆலைகளிலும் வேலை பார்த்தார்கள். அப்போது பாகிஸ்தானோடு சேர்ந்திருந்த அந்தப் பகுதியில் வங்காளிகள் தங்கள் மொழிக்காகப் போராடினார்கள்; பாகிஸ்தான் ஆட்சியாளர்களோ உருதுவைத் திணித்தார்கள். உருது பேசியவர்கள் மேல் கோபம் திரும்பியது.

1971இல் பிஹாரிகளில் ஒரு பகுதியினர் பாகிஸ்தான் ராணுவத்தோடு சேர்ந்து கொடுமைகள் செய்தார்கள். அதை மறைத்துவிட்டு நியாயம் பேச எனக்கு மனமில்லை. போருக்கு முன்னும் பின்னும் ஒரு பாவமும் அறியாத பிஹாரிகள் கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை. டிசம்பர் 16ஆம் தேதி பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. சிறைப்பட்ட சிப்பாய்கள் பிற்பாடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை நம்பியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 1973இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட டெல்லி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு பகுதியினரைப் பாகிஸ்தான் ஏற்றுக்கொண்டது. மற்றவர்களை இன்றுவரை ஏற்கவில்லை.

சரி, தப்பு செய்தவன் தண்டனை அனுபவிக்கட்டும். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த குழந்தை என்ன செய்தது? டாக்கா ஹைகோர்ட் 2008இல் இதற்குப் பதில் சொன்னது: 1971இல் சிறுவர்களாக இருந்தவர்களும், அதற்குப் பின் பிறந்தவர்களும் வங்கதேசக் குடிமக்களே. வாக்குரிமை வந்தது. முகாம் விலாசத்தைப் பார்த்ததும் பாஸ்போர்ட் தர இழுத்தடிப்பது மட்டும் நிற்கவில்லை. என்றாலும் அந்தத் தீர்ப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஏனென்றால், நமக்குப் பக்கத்திலேயே மண்டபம் முகாம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலத்தில், போகிறவர்களை அங்கே தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களின் பேரன் பேத்திகளை 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அந்தத் தோட்டத் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

1983க்குப் பிறகு படகேறி வந்த அகதிகளில் அந்த மலையகத் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்து, நம் பள்ளிக்கூடங்களில் படித்து, இங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். குடியுரிமை மட்டும் வரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை.

1987 ஜூலை 1க்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், ஹைகோர்ட் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதே முகாமில் அந்தத் தேதிக்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. இங்கே பிறந்த அத்தனை பேருக்கும் தேதி பார்க்காமல் குடியுரிமை கொடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் மேஜைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.