தலைகீழ்க் காட்டின் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பிரேசில் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு அமேசான் காடுதான் நினைவுக்கு வரும். அதன் தென்கிழக்கே, ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் செராடோ என்னும் புல்வெளிக்காட்டைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். கோணலும் முறுக்குமான குட்டை மரங்கள், அவற்றுக்கு இடையே புல், ஆண்டில் பல மாதங்கள் மழையே இல்லாத வறட்சி என்று பார்ப்பவருக்கு அது வெறும் புதராகத் தெரியலாம். ஆனால் அந்த மரங்களின் வேர்கள் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பதால் அங்குள்ளவர்கள் அதைத் தலைகீழ்க் காடு என்கிறார்கள். அந்த மண்ணுக்குள் ஊறி இறங்கும் மழைநீர்தான் வறண்ட மாதங்களிலும் ஊற்றாகச் சுரந்து, சாவ் பிரான்சிஸ்கோ, டோகான்டின்ஸ் முதலிய பேராறுகளை ஓட வைக்கிறது.

இந்த நிலத்தைச் சட்டமும் புதராகவே பார்த்தது. 1988-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அமேசானையும் அட்லாண்டிக் காட்டையும் பான்டனால் என்னும் சதுப்புநிலத்தையும் தேசியச் செல்வம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; செராடோவின் பெயர் அதில் இல்லை. 2012-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி, அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் அதில் 80 விழுக்காட்டைக் காடாக விட வேண்டும்; செராடோவின் பெரும்பகுதியிலோ 20 விழுக்காடு போதும். அமில மண்ணில் சுண்ணாம்பு இட்டுச் சோயா விளைவிக்க 1970-களில் வழி கண்டபின், ஏறத்தாழ பாதிச் செராடோ அழிந்துவிட்டது.

பியாவி மாநிலத்தின் தெற்கே நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே உயரமான, தட்டையான மேட்டுநிலங்களைச் சபாடா என்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சிறு உழவர்கள் பள்ளத்தாக்கில் ஊற்றோரம் குடியிருந்து, மேட்டுநிலத்தைப் பொதுவில் மேய்ச்சலுக்கும் காய்கனி சேகரிக்கவும் பயன்படுத்தி வந்தார்கள். பட்டா என்று கையில் எதுவும் இல்லை. பெரும் பண்ணைகள் போலிப் பத்திரங்களின் துணையோடு மேட்டுநிலத்தை வளைத்து முழுவதும் உழுதுவிட்டன. பிறகு, சட்டம் கேட்கும் 20 விழுக்காட்டுக்குக் கணக்குக் காட்ட, மக்கள் வாழும் அதே பள்ளத்தாக்கைத் தங்கள் காடாகப் பதிவு செய்கின்றன. காத்தவர்கள் அத்துமீறியவர்களாகிறார்கள். இதைவிடக் கொடிய நில அபகரிப்பை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

மேட்டில் தெளிக்கும் பூச்சிமருந்து மழையோடு இறங்கிச் சேருமிடமும் அந்தப் பள்ளத்தாக்குதான். காற்றும் அதைச் சுமந்து வரும். கோயாஸ் மாநிலத்தின் ரியோ வெர்டேயில் 2013-ஆம் ஆண்டு மருந்து தெளித்த விமானம் ஒரு கிராமப் பள்ளியின் மேல் பறந்ததில், பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகப் பலர் நஞ்சுக்கு ஆளானார்கள். குடிநீரில் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். பிரேசிலின் விதி 500 வரை அனுமதிக்கிறது. அதே பிரேசிலின் சோயாவை ஐரோப்பா தன் கால்நடைகளுக்குத் தீவனமாக வாங்குகிறது.

உடல்நலக் கேடு நஞ்சோடு நிற்பதில்லை. மஞ்சள் சதையுள்ள பெக்கி பழத்தைச் சோற்றோடு சமைத்தும், புரிட்டிப் பனையின் பழத்தைக் கூழாக்கியும் உண்ட குடும்பங்களுக்கு வைட்டமின் ஏ சத்தைத் தந்த மரங்கள் போய்விட்டன. புரிட்டி ஈரத்தில் மட்டுமே நிற்கும் பனை. அது பட்டுப்போனால் ஊற்று வற்றியதென்று ஊரார் அறிவார்கள். பாஹியா மாநிலத்தின் கொரென்டினாவில், பாசனத்துக்காக ஆற்று நீரைப் பெருமளவில் உறிஞ்சுவதை எதிர்த்து 2017-இல் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்ததும் இந்தத் தண்ணீருக்காகவே.

அந்தப் பள்ளத்தாக்குகளின் கிணற்றையும் ஊற்றையும், மருந்து தெளிக்கும் மழை மாதங்களிலேயே சோதித்து, முடிவை ஊராரின் கையில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். நிலத் தகராறு தீரும்வரை அதற்குக் காத்திருக்கக் கூடாது. அந்த நீரைத்தான் பிள்ளைகள் இன்றும் குடிக்கிறார்கள். நன்றி, வணக்கம்.