சுமை யார் தலையில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'பெண்ணுக்குச் சமநிலை தருவது சட்டமா, மனமாற்றமா?' என்பது தலைப்பு. சட்டமே என்பது எங்கள் அணி. களமாகக் கொடுத்திருப்பவை ஐஸ்லாந்தும் ஜப்பானும். உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிப் பட்டியலில், ஆண்-பெண் இடைவெளி மிகக் குறைந்த நாடாக, 2009 முதல் ஐஸ்லாந்துதான் முதலிடம். 2024 பட்டியலில் இருந்த 146 நாடுகளில் ஜப்பானுக்கு 118-ஆவது இடம். இரண்டும் வசதியான நாடுகள், இரண்டிலும் பெண்கள் நன்றாகப் படித்தவர்கள். பிறகு ஏன் இவ்வளவு தூரம்? "பண்பாடு" என்றார்கள் எதிரணித் தலைவர் அம்மா. ஜப்பானில் அப்பாக்களுக்கு ஓராண்டுக் குழந்தை வளர்ப்பு விடுப்பே சட்டத்தில் இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை, ஆகவே சட்டம் ஏட்டுச் சுரைக்காய் என்றார்கள். இந்த அவையில் இதுவரை வைக்கப்பட்ட வாதங்களில் கனமானது இதுதான். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா சொன்ன தகவல் உண்மை. பணக்கார நாடுகளின் குடும்பநலத் திட்டங்களை யுனிசெஃப் 2019-ல் ஒப்பிட்டபோது, அப்பாக்களுக்கென்றே ஒதுக்கிய ஊதிய விடுப்பில் ஜப்பான்தான் முதலில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்த விடுப்பை எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு 6 பேர். ஐஸ்லாந்தில் அப்பாவுக்குக் கிடைத்தது வெறும் 3 மாதம். எடுத்தவர்களோ நூற்றுக்கு 90 பேர் அளவில்.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் காரணம் தெரியும். ஐஸ்லாந்து 2000-ல் போட்ட சட்டம் 9 மாதத்தை மூன்றாகப் பிரித்தது: அம்மாவுக்கு 3, அப்பாவுக்கு 3, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்க 3. அப்பாவின் பங்கை அம்மா பெயருக்கு மாற்ற முடியாது என்றது, எடுக்காவிட்டால் போச்சு. சம்பளத்தில் 80 சதவீதம் கிடைத்தது. அம்மா தன் 3 மாதத்தோடு பொதுவான 3 மாதத்தையும் எடுத்தாலும் ஆறாவது மாதத்தோடு அவள் விடுப்பு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு குழந்தையைக் கையில் வாங்க அப்பா வீட்டில் இருந்தாக வேண்டியிருந்தது.

ஜப்பான் சட்டத்தில் அம்மா தன் விடுப்பை வைத்தே குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை ஓட்டிவிடலாம். அப்பாவின் விடுப்பு அதற்கு இணையாக ஓடுகிறது. அவர் எடுக்காவிட்டால் தொட்டிலருகே ஆள் இல்லாமல் போகும் நாள் ஒன்றுகூட வராது. உதவித்தொகையோ அப்போது முதல் 180 நாளுக்குச் சம்பளத்தில் 67 சதவீதம், பிறகு 50. கணவன் சம்பளம் கூடுதலாக இருக்கும் வீட்டில் யார் வீட்டில் இருந்தால் இழப்பு குறைவு என்று கணக்குப் போட்டால் விடை 'மனைவி' என்றே வரும். போதாக்குறைக்கு, விடுப்பு வேண்டுமென்று மேலதிகாரியிடம் போய் நிற்க வேண்டியிருந்தவர் தொழிலாளி. கேட்டவரை ஓரங்கட்டும் பழக்கத்துக்கு 'பதாஹரா' என்று ஜப்பானியர் பெயரே வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் தாண்டி விடுப்புக் கேட்கத் துணிச்சல் வேண்டும். துணிந்தவர்கள்தான் அந்த 6 பேர்.

அப்படியானால் ஐஸ்லாந்து அப்பாக்கள் பிறவியிலேயே பொறுப்பானவர்களா? 2008-ல் அந்த நாட்டு வங்கிகள் சரிந்தன. அரசு செலவைச் சுருக்கியபோது விடுப்பு உதவித்தொகையின் மாத உச்சவரம்பு படிப்படியாக வெட்டப்பட்டு, 2010-ல் 3 லட்சம் க்ரோனாவுக்கு (ஐஸ்லாந்து நாணயம்) வந்தது. அப்பாக்கள் எடுத்த நாட்களும் உடனே குறைந்தன. அதே ஆண்கள், அதே வீடுகள், அதே பண்பாடு. மாறியது ஒரு தொகை மட்டும்.

இனி ஜப்பானுக்கு வாருங்கள். 2022 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று ஊழியர் சொன்னதும், "உங்களுக்கு இந்த விடுப்பு உண்டு, எடுக்கிறீர்களா?" என்று நிறுவனமே அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். அக்டோபரில், குழந்தை பிறந்து 8 வாரத்துக்குள் 4 வாரம் வரை இரண்டு தவணையாக எடுக்கும் புதிய விடுப்பு வந்தது. 2023 ஏப்ரல் முதல் 1,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், தங்கள் ஆண் ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் விடுப்பு எடுத்தார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்றானது. 2021-ல் 14 சதவீதத்தை ஒட்டியிருந்த எண்ணிக்கை 2023-ல் 30.1, 2024-ல் 40.5. நூற்றாண்டுகளாக ஊறிய பண்பாடு மூன்று ஆண்டில் உருகியது என்று எதிரணி சொல்லுமானால், அதை உருக்கிய நெருப்பு எது என்றும் சொல்ல வேண்டும். கேட்கும் சுமை தொழிலாளி தலையிலிருந்து முதலாளி தலைக்கு மாறியது, அவ்வளவுதான் நடந்தது.

நடுவர் அவர்களே, 'ஜப்பானியப் பண்பாடு' என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1946 ஏப்ரல் 10 அன்று ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். அந்தத் தேர்தலிலேயே 39 பெண்கள் கீழவைக்குப் போனார்கள், 8 சதவீதத்துக்கும் மேல். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து, 1975-ல், ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தில் இருந்த பெண்கள் 3 பேர், அதாவது 5 சதவீதம். இந்தக் கணக்கில் ஜப்பான்தான் முன்னால் நிற்கிறது!

அடுத்த ஆண்டே, 1947 தேர்தலில், அந்த 39 பேர் 15 ஆகிவிட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாட்டின் மனம் தலைகீழாகவா மாறும்? மாறியது தேர்தல் முறை. 1946-ல் தொகுதிகள் பெரியவை, பெரும்பாலான வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் இரண்டு அல்லது மூன்று பெயர் எழுதலாம். முதல் பெயர் தெரிந்த பெரிய மனிதருக்கு, அடுத்ததைப் பெண்ணுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற இடம் அதில் இருந்தது. 1947-ல் தொகுதிகள் சுருங்கின, ஒருவருக்கு ஒரே பெயர்தான். அந்த இரண்டாவது பெயரோடு பெண்களின் இடமும் போனது. 39 என்ற எண்ணை ஜப்பான் மறுபடி தாண்ட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 59 ஆண்டு! அவையோரே, இதை எண்ணும்போது எனக்கு ஆறவில்லை.

அடுத்தது ஊதியம். "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், மனம் மெல்ல மாறும், பொறுங்கள்" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். பொறுத்துப் பார்த்த நாடு ஐஸ்லாந்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் அங்கே 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டியவள் பெண். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன வாங்குகிறார் என்றே தெரியாதவள் எதை வைத்து நிரூபிப்பாள்? 2018-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தான் பாகுபாடு காட்டவில்லை என்று தானே சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது.

அந்தச் சான்றிதழுக்கான வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் நிறுவனத்தில் உள்ள வேலைகளையெல்லாம் பட்டியல் போட வேண்டும். ஆளை மறந்துவிட்டு வேலைக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும்: எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு திறமை தேவை, உடலுக்கும் மனதுக்கும் எவ்வளவு உழைப்பு, வேலைச் சூழல் எப்படி. ஒரே மதிப்பெண் வாங்கிய வேலைகளின் சம்பளத்தை அருகருகே வைக்க வேண்டும். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையும் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலையும் ஒரே மதிப்பெண் வாங்கினால், சம்பள வித்தியாசத்துக்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். காரணம் இல்லையென்றால் சம்பளத்தைச் சரிசெய்ய வேண்டும். வெளித் தணிக்கையாளர் வந்து பார்ப்பார், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி வருவார். தவறினால் நாளொன்றுக்கு 50,000 க்ரோனா வரை அபராதம்.

ஜப்பான் 1985-ல் சம வேலைவாய்ப்புச் சட்டம் போட்டது, அது 1986-ல் நடைமுறைக்கு வந்தது. ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் பெண்ணைச் சமமாக நடத்த நிறுவனங்கள் 'முயல வேண்டும்' என்று எழுதினார்கள். தடை என்று எழுதி அது நடைமுறைக்கு வந்தது 1999-ல். அதற்குள் நிறுவனங்கள் இரண்டு வாசல் வைத்துவிட்டன. 'சோகோஷோகு' என்ற வாசலில் பதவி உயர்வு உண்டு, எந்த ஊருக்கு மாற்றினாலும் போக வேண்டும். 'இப்பான்ஷோகு' என்ற வாசலில் எழுத்தர் வேலை, அங்கேயே முடியும். பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது வாசலுக்கு அனுப்பப்பட்டார்கள். 'முயல வேண்டும்' என்ற அந்த ஒரு சொல் 13 ஆண்டை விழுங்கிவிட்டது.

சட்டமே பெண்ணை வேலையிலிருந்து இழுத்துப் பிடிக்கும் இடமும் ஜப்பானில் உண்டு. சம்பளக்கார கணவனின் காப்பீட்டில் சேர்ந்திருக்கும் மனைவி, தன் ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னுக்குள் இருக்கும்வரை பொதுவாக ஓய்வூதியத்துக்கோ மருத்துவக் காப்பீட்டுக்கோ ஒரு யென்னும் கட்ட வேண்டாம். எல்லையைத் தாண்டினால் தானே கட்ட வேண்டும். தேசிய ஓய்வூதியச் சந்தா மட்டுமே 2024-ல் மாதம் 16,980 யென், ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல். ஆக 13 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சம்பாதித்தவள் கையில், சற்றுக் குறைவாகச் சம்பாதித்தவளைவிடக் குறைவான பணம் நிற்கும். அதனால்தான் டிசம்பர் வந்ததும், பகுதிநேர வேலைக்குப் போகும் பெண்கள் அந்த ஆண்டு வாங்கியதைக் கூட்டிப் பார்த்து வேலை மணியைக் குறைத்துக்கொள்கிறார்கள். கடைகளில் கூட்டம் அலைமோதும் நேரம், அனுபவசாலிகள் வீட்டில். இதைப் 'பெண்களின் விருப்பம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1975 அக்டோபர் 24-ஐயும் எதிரணி காட்டியது. அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் 90 சதவீதம் பேர் அலுவலகத்திலும் வீட்டிலும் வேலையை நிறுத்தினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், சமைக்க எளிதான சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. சட்டத்துக்கு முன்னால் மக்கள் எழுந்தார்களே, அது மனமாற்றம்தானே என்கிறார்கள். எழுந்தவர்கள் பெண்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் அடுப்படிக்குத் திரும்பிய பெண்ணுக்குக் கையில் மிஞ்சியது எது? 1976-ல் வந்த சமத்துவச் சட்டம். அந்த ஒரு நாளின் வேகம் ஆறினாலும் நிற்கக்கூடிய பொருள் அதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் 24 அன்று அதே நாட்டுப் பெண்கள், அப்போதைய பிரதமர் காத்ரின் யாகோப்ஸ்தோத்திர் உட்பட, மறுபடி ஒரு நாள் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். "இதைத்தான் சமத்துவம் என்கிறாயா?" என்பது முழக்கம். பெண்கள் மீதான வன்முறையும் பெண்கள் மிகுந்த தொழில்களின் குறைந்த கூலியும் காரணம். சட்டத்தின் கை இன்னும் எட்டாத இடங்கள் அவை. அதை எட்ட வைக்கத்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

கடைசியாக ஒன்று. ஜப்பானின் குடிமைச் சட்டம் 750-ஆவது பிரிவின்படி, மணம் செய்துகொள்ளும் ஜப்பானியர் இருவரும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயர் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் 95 சதவீதத்தை ஒட்டிய இணைகளில் பெயரை விடுபவள் மனைவி. "பார்த்தீர்களா, சட்டம் நடுநிலை, பண்பாடுதான் பெண்ணைச் சாய்த்தது" என்று எதிரணி மேசையில் குறிப்பு எழுதுவது தெரிகிறது. உச்ச நீதிமன்றமும் 2015-லும் 2021-லும் அந்தப் பிரிவைச் செல்லும் என்றே சொன்னது. ஆனால் அதே ஜப்பானியப் பெண் வெளிநாட்டவரை மணந்தால், பெயரை மாற்ற வேண்டிய கட்டாயமே அவளுக்கு இல்லை. தானாக மனுக் கொடுத்தால்தான் மாறும்.

அதே பெண், அதே பெற்றோர், அதே நகராட்சி அலுவலகம். ஒரு மாப்பிள்ளைக்குப் பெயரை விடுகிறாள், இன்னொரு மாப்பிள்ளைக்கு வைத்துக்கொள்கிறாள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர், அந்த இரண்டு விண்ணப்பங்களுக்கும் நடுவே எந்தப் பண்பாடு மாறியது என்று இந்த அவைக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.