பூஜ்யம் என்ற எண்ணை நம்பி என் பவளத்தொட்டி பட்ட பாடு

அன்பு நேயர்களுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம். இன்று காலை, என் கடல்நீர்ப் பவளத்தொட்டியின் பாஸ்பேட்டை அளக்கும் மானியில் 0.06 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 0.06 பங்கு) என்ற எண்ணைக் கண்டதும், காப்பியைக்கூடக் குடிக்காமல் கேமராவை எடுத்து வைத்துவிட்டேன். ஏழு வாரமாக இந்த எண்ணுக்காகத்தான் காத்திருந்தேன்.

சென்ற காணொளியில் மணலின் மேல் பழுப்பு நிறச் சளி படர்ந்து, அதன் இழைகளின் நுனியில் காற்றுக்குமிழிகள் தொங்கியதைப் பார்த்திருப்பீர்கள். புதுத் தொட்டிகளில் வரும் டயாட்டம் பாசி என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் என் தொட்டிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது என்பதால் சந்தேகம் வந்து, கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் அக்கா மகனிடம் நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டை 400 மடங்கு பெருக்கிப் பார்த்தேன். கண்ணீர்த்துளி வடிவச் செல்கள், கூரான முனையை முளையில் கட்டியதுபோல, செக்குமாடாக ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. அது ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும், நஞ்சுள்ள டைனோபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர் வகை. அதைத் தின்ற நத்தைகள் நான்கு செத்துப்போனதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

இதற்கு வித்திட்டது ஒரு கடைக்காரரின் அறிவுரை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருந்தால்தான் பவளம் பளிச்சென்று நிறம் காட்டும் என்று சொல்லி, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடு மணிகளை வழக்கமான அளவைப்போல் இருமடங்கு போடச் சொன்னார். நானும் போட்டேன். மூன்றே வாரத்தில் இரண்டும் பூஜ்யமாயின. ஜோவாந்திட் என்னும் பூப்போன்ற பவள உறவுயிர்கள் மூடிக்கொண்டன, தோல் பவளம் என்ற மென்பவளம் தன் மொட்டுகளை (பாலிப்புகளை) வெளியே நீட்டவே இல்லை. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கட்டாயம் வேண்டும். அவற்றைப் பட்டினி போட்டுவிட்டுப் பவளத்திடம் நிறத்தை எதிர்பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை. அதோடு, பாறையின் மேற்பரப்பில் இடம்பிடித்திருந்த சாதாரணப் பாசிகளும் பாக்டீரியாக்களும் சத்தின்றி மெலிந்துபோக, காலியான இடத்தை டைனோ பிடித்துக்கொண்டது. பூஜ்யத்தைச் சுத்தம் என்று சொல்லி விற்பவர்கள்மீது எனக்கு இப்போது உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஜிஎஃப்ஓவை அன்றே எடுத்துவிட்டேன், நீர் மாற்றுவதையும் நிறுத்தினேன். நைட்ரேட்டுக்காக ஆய்வகத் தரப் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்து ஊற்றினேன். நூறு லிட்டர் தொட்டியில் 1 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 0.16 கிராம் போதும். என் தொட்டி 200 லிட்டர் என்பதால் 0.33 கிராம். நம் பக்கத்து உரக்கடைகளில் வாழைக்குத் தெளிக்கக் கிடைக்கும் 13-0-45 உரமும் பொட்டாசியம் நைட்ரேட்தான் என்றாலும், அதில் வேறென்ன கலந்திருக்கும் என்று தெரியாமல் பவளத்தொட்டியில் ஊற்ற என் மனம் ஒப்பவில்லை.

நைட்ரேட் ஒரே வாரத்தில் 5 பிபிஎம்முக்கு ஏறிவிட்டது. பாஸ்பேட்தான் என்னை அலைக்கழித்தது. இன்று ஊற்றினால் நாளை காணவில்லை. தொட்டியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. பட்டினி கிடந்த பாறை வயிறு நிறைந்த பிறகுதான் நீரில் எண் நிலைத்தது.

அந்த எண்ணை அளப்பதில் நான் பட்ட அவதியையும் சொல்லியாக வேண்டும். கடந்த சனிக்கிழமை மானி 0.21 காட்டியது. மறுபடி அளந்தால் 0.04, மூன்றாம் முறை 0.17. ஒவ்வொரு முறை அளக்கவும் நீரில் கரைக்க வேண்டிய ஒரு பொட்டலம் மருந்துத்தூள் 70 ரூபாய். அன்று ஒரே மாலையில் நான்கு பொட்டலம் போயிற்று. தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. கண்ணாடிக் குப்பியின் வெளிப்புறத்தில் என் விரல் ரேகை பதிந்திருந்தது. பழைய வேட்டித் துணியால் துடைத்தபோது நூலிழை ஒட்டிக்கொண்டது. வேகமாகக் குலுக்கியதால் உட்சுவரில் சிறு குமிழிகளும் தங்கியிருந்தன. ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிக்கு இவை எல்லாமே பாஸ்பேட்டாகத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் குப்பியைத் துடைத்து, குலுக்குவதற்குப் பதில் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கரைத்த பிறகு, தொடர்ந்து மூன்று முறை 0.05, 0.06, 0.06 என்று வந்தது. அந்தத் துணியை இனி வேறெதற்கும் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன்; நுண்ணோக்கியைப் பற்றிச் சொன்னபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பாறையை விட்டு நீரில் மிதக்கும் என்பதால், இரவு முழுவதும் புறஊதா விளக்கின் வழியாக நீரை ஓட்டினேன்; அது நன்றாகவே பலன் தந்தது. ஆனால் உங்கள் தொட்டியில் இருப்பது ஆம்பிடினியம் என்ற இன்னொரு டைனோ வகையாக இருந்தால் அது மணலிலேயே கிடக்கும், விளக்கு வாங்கும் பணம் வீண். எனவே முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420 பிபிஎம், மக்னீசியம் 1300 பிபிஎம் என்று மற்றவை கடல்நீரை ஒட்டியே நிற்கின்றன. கடினப் பவளங்கள் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. நான் அவற்றை வளர்ப்பதில்லை என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். என் மென்பவளங்கள் கால்சியத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்வதால், அதற்கென்று தனியாக எதுவும் ஊற்றுவதில்லை.

தோல் பவளம் நேற்று மாலை முழுவதுமாக விரிந்தது. இப்போது கேமராவை அருகில் கொண்டுபோகிறேன், அதன் மொட்டுகள் நீரோட்டத்தில் ஆடுவதைப் பாருங்கள். வருகிற வியாழக்கிழமை மறுபடி அளந்துவிட்டு, 0.05க்குக் கீழே இறங்காமல் இருந்தால் இரண்டு நத்தைகளை மட்டும் முதலில் விடப்போகிறேன்.