சால்மொனெல்லா குடலைத் தாண்டினால்: ரிப்போர்ட்டில் "எஸ்" என்று இருந்தும் அந்த மருந்தை ஏன் தருவதில்லை?

வணக்கம். ரிப்போர்ட்டில் "எஸ்" என்றால் சஸெப்டிபிள், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பொருள். இன்றைக்குக் கிருமி வளர்த்த ஒரு பிளேட்டைக் காட்டியே ஆரம்பிக்கிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். மூடியைத் திறக்க மாட்டேன், பயப்படாதீர்கள். எக்ஸ்எல்டி அகார் என்ற, கிருமி வளர்க்கும் ஜெல்லி மேல் சிவந்த புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்பு. கிருமி ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்குவதால் வருகிற கறுப்பு அது. சால்மொனெல்லா. டைபாய்டு வகை இல்லை, சரியாக வேகாத முட்டையிலும் கோழிக்கறியிலும் வந்து வயிற்றைக் கலக்குமே, அந்த வகை.

இது மலத்தில் வளர்ந்தால் லேபில் நாங்கள் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஆரோக்கியமான பெரியவர் என்றால் ஓஆர்எஸ் கரைசல் போதும், சில நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு சீக்கிரம் நிற்பதும் இல்லை, கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளவும் கூடும். ஆனால் இதே கிருமி ரத்தக் கல்ச்சர் பாட்டிலில், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பாட்டிலில், வளர்ந்தால் முதல் வேலை வார்டுக்கு போன் போடுவதுதான். வயிற்றுப்போக்கு வந்தவர்களில் கொஞ்சப் பேருக்குத்தான் அது ரத்தத்துக்குப் போகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, முதியவர், எச்ஐவி உள்ளவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர், சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உள்ளவர், இவர்களிடம்தான் அதிகம்.

ரத்தத்துக்குப் போன பிறகு அது எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. வெறும் ரத்தத்தோடு நின்றால் ஒன்று முதல் இரண்டு வாரம் மருந்து. எலும்பில் உட்கார்ந்தால் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம். பச்சைக் குழந்தையின் மூளை உறையில் என்றால் நான்கு வாரம்.

இதில் எனக்கு அதிகம் பயம் தருவது மகாதமனி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து சொரசொரப்பாக இருக்கும். சால்மொனெல்லாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அங்கே ஒட்டிக்கொண்டு சுவரை அரிக்கும். சுவர் பலூன் போல உப்பி, ஒரு நாள் வெடித்தும் போகலாம். அதனால் வயதானவர் ரத்தத்தில் சால்மொனெல்லா வளர்ந்து, கூடவே முதுகுவலியோ வயிற்றுவலியோ இருந்தால், அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது. ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மருந்து மட்டும் இங்கே பெரும்பாலும் போதாது. கெட்டுப்போன பகுதியை அறுவைசிகிச்சையில் நீக்கிவிட்டு, அதற்கு மேல் ஆறு வாரமாவது ஊசி.

எலும்பு விஷயத்தில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல்லை முதலில் பதிவு செய்ததே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர். இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடும். ரத்தம் போகாமல் எலும்பில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் செத்துப்போகும். கிருமி தங்க அந்தச் செத்த எலும்பு வசதியான இடம். சிக்கல் என்னவென்றால், வழக்கமாக வருகிற வலி நெருக்கடியிலும் இதே காய்ச்சல், இதே வீக்கம், இதே வலிதான். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் பிரித்துக் காட்டாது. ரத்தக் கல்ச்சர் எடுத்து, முடிந்தால் எலும்பில் ஊசி போட்டு உறிஞ்சி அனுப்பினால்தான் எங்களால் ஏதாவது சொல்ல முடியும். அதையும் முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்னால் எடுத்தால் புண்ணியம். ரிசல்ட் வரும்வரை சால்மொனெல்லா, எலும்பைத் தாக்கும் இன்னொரு கிருமியான ஸ்டாஃபிலோகாக்கஸ், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மருந்துகள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். இந்தக் கிருமி நம் வெள்ளணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழும், அதாவது அதைப் பிடித்துத் தின்ன வந்த செல்லுக்குள்ளேயே. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பிளேட்டில் அதை அழகாகக் கொல்லும், மருந்து தோய்த்த டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய தெளிந்த வட்டம் விழும். ஆனால் செல்லுக்குள் அந்த மருந்து சரியாக நுழையாது. ஆகவே நோயாளிக்குப் பலன் இருக்காது. செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாட்டிக் குடும்பத்தில் முதல், இரண்டாம் தலைமுறை மருந்துகளும் அப்படித்தான், பிளேட்டில் புலி, உடம்பில் பூஜ்யம். அதனால்தான் சால்மொனெல்லாவுக்கு இவற்றை "எஸ்" என்று ரிப்போர்ட்டில் போடவே கூடாது என்று விதி. சில ரிப்போர்ட்டுகளில் இன்னும் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, விலை குறைந்த ஊசி இருக்கும்போது ஏன் விலை கூடியது என்று வீட்டார் கேட்பதில் தப்பே இல்லை. அந்த வரி அங்கே இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) என்ற ஆன்டிபயாட்டிக்கின் கதை இன்னும் நுணுக்கம். முன்பு டிஸ்க்கைச் சுற்றி 21 மில்லிமீட்டர் வட்டம் இருந்தாலே "எஸ்". அந்த அளவில் தேறிய மருந்தைக் கொடுத்தும் சிலருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. 2012இல் லேப் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு குடலுக்கு வெளியே பிடிபடும் சால்மொனெல்லாவுக்கு அதை 31 ஆக உயர்த்தியது. இதோ, ஸ்கேலை பிளேட்டின் பின்பக்கம் வைக்கிறேன், இது 25. பழைய கணக்கில் பாஸ், புதிய கணக்கில் ஃபெயில். நம் பகுதியில் சிப்ரோவுக்கு அசராத வகைகள் நிறைய என்பதால், ரத்தத்தில் பிடிபட்டால் பெரும்பாலும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினான செஃப்ட்ரியாக்சோனில்தான் ஆரம்பிக்கிறார்கள். கல்ச்சர் அனுமதித்தால் ஆம்பிசிலின் கூட நல்ல மருந்துதான், பழசு என்று ஒதுக்கத் தேவையில்லை.

அப்புறம், "டைபாய்டு ஊசி போட்டிருக்கிறோமே" என்பவர்களுக்கு: அது இதற்கு உதவாது. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் மலேரியாவோடும் ஊட்டச்சத்துக் குறைவோடும் சேர்ந்து இந்தக் கிருமிதான் ரத்தத்தில் பரவுகிறது. 2017இல் மட்டும் உலக அளவில் சுமார் 77,500 பேர் இறந்ததாக மதிப்பீடு, பெரும்பகுதி சஹாராவுக்குத் தெற்கே. அங்கே போடுவதற்கான தடுப்பூசிகள் சோதனையில் இருக்கின்றன.

சிகிச்சை நடுவில் மருத்துவமனை மாற்ற நேர்ந்தால் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் முதல் ஊசி போட்ட தேதியையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆறு வாரம் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.